சின்ன ஹாலுக்கு அடக்கமான ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்கள்: பட்ஜெட்டுக்குள் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

படத்தில் ஒரு வெடி வெடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அடுத்த காட்சியில் இரண்டு பேர் மெதுவாகப் பேசினால் ஒரு வார்த்தையும் விளங்குவதில்லை. சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாகவே இரண்டரை மணி நேரம் போய்விடுகிறது. விலை குறைந்த 5.1 செட் (முன்னால் இரண்டு ஸ்பீக்கர், நடுவில் சென்டர், பக்கத்தில் அல்லது பின்னால் இரண்டு சரவுண்ட், பேஸ் எனும் தாழ்ந்த சத்தத்துக்கென்று ஒரு சப்வூஃபர்) வாங்கிய வீடுகளில் அடிக்கடி கேட்கிற புகார் இது. பழியை ஸ்பீக்கரின் சின்ன உருவத்தின் மேல் போட்டுவிடுகிறார்கள். ஆனால் 4 இன்ச் வூஃபர் (தாழ்ந்த சத்தத்தைத் தரும் பெரிய கூம்பு) உள்ள பெட்டிகளை வைத்தே ஒரு நடுத்தர ஹாலில் தெளிவாகவும் நிறைவாகவும் கேட்கலாம். சின்னப் பெட்டி எந்த அதிர்வெண் வரை இறங்குகிறது, அந்த இடத்தில் சப்வூஃபர் சரியாகக் கையேற்கிறதா? வாங்கும்போது இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

உதாரணத்துக்கு, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சாதாரணமாகப் பார்க்கிற 10 அடிக்கு 15 அடி ஹாலை எடுத்துக்கொள்வோம். டைல்ஸ் தரை, சிமென்ட் பூசிய சுவர், ஒரு பக்கம் பால்கனிக் கதவு, மறுபக்கம் சாப்பாட்டு மேசை. டிவி நீளமான சுவரில், சோபா எதிர்ச் சுவரை ஒட்டி. கீழே சொல்வதெல்லாம் இந்த ஹாலை மனதில் வைத்துத்தான்.

முதல் படி: கடைக்குப் போகும் முன் அறையை அளங்கள்

காதிலிருந்து டிவி வரை எவ்வளவு தூரம், டிவிக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு இடம், டிவிக்குக் கீழே எத்தனை இன்ச் உயரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசி அளவைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சென்டர் ஸ்பீக்கரை வாங்கி வந்த பிறகு அது டிவி யூனிட்டுக்குள் நுழையாமல் நிற்கும்.

5.1 அமைப்பில் முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் கேட்பவரின் நேர்ப் பார்வையிலிருந்து ஆளுக்கு 30 டிகிரி விலகியிருக்க வேண்டும். எளிமையாகச் சொன்னால், இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே உள்ள தூரமும் உங்களுக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சரி. சரவுண்ட் ஸ்பீக்கர்களுக்குச் சர்வதேசத் தரம் சொல்வது 100 முதல் 120 டிகிரி, அதாவது காதுக்குச் சற்றே பின்னால். சோபா சுவரை ஒட்டியிருந்தால் பின்னால் இடமே இருக்காது. அப்போது பக்கச் சுவர்களில், காதுக்கு நேராக, காது மட்டத்திலிருந்து ஓர் அடி அல்லது இரண்டடி மேலே வைத்தால் நன்றாகவே வேலை செய்யும். நம் ஹாலில் ஒரு பக்கம் சுவருக்குப் பதில் சாப்பாட்டு மேசை இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு ஸ்டாண்டு தேவைப்படும். இதை இப்போதே கணக்கில் எழுதிவிடுங்கள்.

அடுத்து, அறை நடுவில் நின்று பலமாக ஒருமுறை கை தட்டுங்கள். தட்டிய சத்தம் கிணுகிணுவென்று நீண்டு ஒலித்தால், எந்த விலை ஸ்பீக்கர் வைத்தாலும் வசனம் குழறும். கனமான திரைச்சீலை, துணி உறை போட்ட சோபா, புத்தக அலமாரி, தடிமனான கார்ப்பெட் ஆகியவை இதை நன்றாகக் குறைக்கும். ஜமக்காளம் மெல்லியது, உச்ச ஸ்தாயிச் சத்தங்களைக் கொஞ்சம் அடக்கும், அதற்குக் கீழே அதனால் ஆவது குறைவு. ஸ்பீக்கருக்கு 5,000 ரூபாய் கூடுதலாகப் போடுவதைவிடக் கண்ணாடிக் கதவுக்குக் கனமான திரை தைத்து மாட்டுவது பல வீடுகளில் அதிகப் பலன் தரும்.

இரண்டாம் படி: எவ்வளவு சின்னது போதும்

அமெரிக்காவின் கேஎல்ஹெச் நிறுவனத்தை 1957-இல் தொடங்கிய மூவரில் ஒருவர் ஜோசப் ஆன்டன் ஹாஃப்மன். அவர் பெயரால் ஒரு விதி இன்றும் வழங்குகிறது. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த பவரில் நிறைய சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒரே ஸ்பீக்கரில் பெற முடியும். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். காரணம் எளிய இயற்பியல். அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே அளவு சத்தத்துக்கு கோன் (ஸ்பீக்கரில் அசையும் கூம்பு) நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். உள்ளங்கை அளவுக் கோனால் அது முடியாது.

அதனால்தான் சின்ன ஸ்பீக்கருடன் சப்வூஃபர் வருகிறது. சப்வூஃபர் எந்த இடத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நம் காதால் கண்டுபிடிக்க முடிவதில்லை. டிஹெச்எக்ஸ் எனும் சினிமா ஒலித் தரம் 80 ஹெர்ட்ஸைக் க்ராஸ்ஓவராக, அதாவது சப்வூஃபருக்குக் கைமாறும் இடமாக, வைத்ததும் இதனால்தான். அதற்குக் கீழே மட்டும் சப்வூஃபர் வேலை செய்தால், அது மூலையில் இருப்பதே தெரியாது. எல்லாச் சத்தமும் திரையிலிருந்து வருவதாகவே தோன்றும்.

2.5, 3 இன்ச் கோன் உள்ள குட்டி கன சதுரங்கள் பெரும்பாலும் 120, 150 ஹெர்ட்ஸிலேயே களைத்துவிடும். சில 200-ஐத் தாண்டி இறங்குவதில்லை. வளர்ந்த ஆணின் பேச்சுக் குரலின் அடிப்படை அதிர்வெண் ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. ஆக, அந்தக் குரலின் கனம் முழுவதும் சப்வூஃபருக்குப் போய்விடுகிறது. திரையில் வாய் அசைகிறது, குரலின் பாதி சோபாவுக்குப் பக்கத்து மூலையிலிருந்து வருகிறது. சப்வூஃபரும் அந்த உயரத்துக்கு வரவில்லையென்றால் நடுவில் ஓர் ஓட்டை விழுந்து, குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் மெலிந்துவிடும்.

என் பரிந்துரை இதுதான்: முன்பக்க மூன்று ஸ்பீக்கருக்கும் குறைந்தது 4 இன்ச் வூஃபர், முடிந்தால் 5.25 இன்ச். அடக்கம் வேண்டுமென்றால் 4 இன்ச்சில் நில்லுங்கள், அதற்குக் கீழே இறங்காதீர்கள். க்யூ அக்கூஸ்டிக்ஸ் 3010ஐ ஒரு நல்ல உதாரணம்: 4 இன்ச் வூஃபர்தான், ஆனால் நிறுவனம் தரும் கணக்குப்படி 67 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. 80-இல் சப்வூஃபரிடம் ஒப்படைக்கப் போதிய இடைவெளி கிடைக்கிறது. பின்பக்கச் சரவுண்டுகளுக்கு இந்தக் கண்டிப்பு வேண்டாம். மழை, கூட்டத்தின் ஆரவாரம், பின்னணி இசையின் பரவல் போன்றவைதான் அங்கே போகின்றன. 3 இன்ச் பெட்டியே தாராளம். இடமும் பணமும் அங்கே மிச்சமாகட்டும்.

மூன்றாம் படி: அட்டையில் அச்சடித்த எண்களைப் படிப்பது

வாட்ஸ் கணக்கிலிருந்து தொடங்குவோம். உள்ளூரில் அசெம்பிள் செய்யப்படும் செட்டுகளின் அட்டையில் 8,000 வாட்ஸ், 10,000 வாட்ஸ் பிஎம்பிஓ (கண நேர உச்சக் கணக்கு) என்று பெரிய எழுத்தில் இருக்கும். வீட்டிலுள்ள 6 ஆம்பியர் பிளக் பாயின்டில் 230 வோல்ட்டில் எடுக்கக்கூடிய மொத்த மின்சாரமே 1,380 வாட்தான். அந்தப் பெட்டியைத் திருப்பி, பின்பக்கம் மின்கம்பி நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளைப் பாருங்கள். மின் நுகர்வு 60 வாட், 80 வாட் என்று அங்கே இருக்கும். உள்ளே போகும் மின்சாரத்தைவிட அதிகமாக வெளியே தொடர்ந்து சத்தமாக வர வழியில்லை. பிஎம்பிஓ எண்ணை முழுக்க ஒதுக்கிவிடுங்கள். தொடர்ந்து தரக்கூடிய பவரைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண்ணை மட்டும் பாருங்கள்.

வாட்ஸைவிட முக்கியமான எண் சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் சத்தம் என்பதே அது. இதில் 3 டெசிபெல் குறைந்தால், அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு பவர் வேண்டும். சந்தையில் நன்கு அறிமுகமான மூன்று சின்ன ஸ்பீக்கர்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போல்க் டி15-க்கு 89 டெசிபெல், க்யூ அக்கூஸ்டிக்ஸ் 3010ஐ-க்கு 86, டாலி ஸ்பெக்டர் 1-க்கு 83. சோபா 3 மீட்டர் தள்ளி இருக்கிறது, படத்தின் உச்சக் காட்சியில் 95 டெசிபெல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் முதலாவதுக்குச் சுமார் 35 வாட் போதும், இரண்டாவதுக்கு 70, மூன்றாவதுக்கு 140. சுவர்களில் எதிரொலிப்பதால் வீட்டுக்குள் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே ஆகும். ஆனால் விகிதம் மாறாது. ஸ்பெக்டர் 1 கேட்க அருமையான ஸ்பீக்கர். 10 அடிக்கு 10 அடி அறையில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு அதைத் தயங்காமல் சொல்வேன். ஆரம்ப நிலை ரிசீவரோடு (ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்துப் பவரோடு அனுப்பும் பெட்டி) பெரிய ஹாலில் அதைப் போட்டுத் திணறடிக்கக் கூடாது.

அதிர்வெண் வீச்சைப் பார்க்கும்போது பக்கத்தில் கூட்டல் கழித்தல் 3 டெசிபெல் என்று இருக்கிறதா என்று கவனியுங்கள். அது இருந்தால் அந்த எண்ணை நம்பி ஒப்பிடலாம். வெறுமனே 40 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று மட்டும் போட்டிருந்தால், 40-இல் ஏதோ ஒன்று முனகுகிறது என்பதற்குமேல் அதற்குப் பொருள் இல்லை. 

இம்பீடன்ஸ் (ஸ்பீக்கரின் மின்தடை) 6 அல்லது 8 ஓம் என்றால் எந்த ரிசீவருக்கும் பிரச்சினை இல்லை. ஒரே பெட்டியில் வரும் முழு செட்டுகளில் சிலவற்றின் ஸ்பீக்கர்கள் 3 ஓம், 4 ஓம் என்று இருக்கும், பிளக்கும் தனி வடிவத்தில் இருக்கும். அதன் ஆம்ப்ளிஃபையர் பழுதானால் ஐந்து ஸ்பீக்கரும் வேறெதற்கும் உதவாது. மூன்று, நான்கு வருடம் கழித்துத் தலைவலி வேண்டாம் என்றால் தனித்தனியாக வாங்குவதே மேல்.

நான்காம் படி: பணத்தைப் பிரிப்பது

ரிசீவர் போக, ஸ்பீக்கர்களுக்கு மட்டும் 40,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று வைப்போம். ஐந்து ஸ்பீக்கருக்கும் சமமாகப் பங்கு போட்டால் எல்லாமே சுமாராக முடியும். நான் பிரிப்பேன் என்றால் சப்வூஃபருக்கு 15,000, முன் ஜோடிக்கு 12,000, சென்டருக்கு 9,000. மிச்சத்தில் ஒயர், ஸ்டாண்டு. சரவுண்ட் ஜோடி பிறகு வாங்கிக்கொள்ளலாம். தரமான 3.1 அமைப்பு (முன்பக்க மூன்றும் சப்வூஃபரும்), தரமில்லாத 5.1-ஐவிடப் பல மடங்கு நிறைவாக இருக்கும். ரிசீவரில் சரவுண்ட் இல்லை என்று குறித்துவிட்டால் அந்தச் சத்தத்தையும் முன் ஸ்பீக்கர்களுக்கே அனுப்பிவிடும், எதுவும் தொலையாது.

படத்தின் வசனங்களில் மிகப் பெரும்பகுதி சென்டரிலிருந்துதான் வருகிறது. முன் ஜோடி எந்தக் குடும்பமோ அதே குடும்பத்திலிருந்து சென்டரையும் வாங்குங்கள். வேறு பிராண்டாக இருந்தால், ஒரு கார் திரையில் இடமிருந்து வலம் போகும்போது நடுவில் அதன் சத்தம் நிறம் மாறும். இன்னொன்று: படுக்கைவாட்டில் ஒரு ட்வீட்டரும் (உச்ச ஸ்தாயிச் சத்தத்தைத் தரும் குட்டி ஸ்பீக்கர்) அதன் இருபக்கமும் இரண்டு வூஃபர்களும் உள்ள சென்டர்களில், சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு நடுக்குரல் கொஞ்சம் குறைந்து கேட்கும். இரண்டு வூஃபரும் வெவ்வேறு தூரத்தில் இருப்பதால் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழிப்பதே காரணம். நான்கைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும் வீடென்றால், டிவிக்கு அடியில் உயரம் இருக்கும் பட்சத்தில், முன் ஜோடியைப் போன்ற அதே ஸ்பீக்கர் ஒன்றை நடுவில் செங்குத்தாக நிறுத்துவது இதற்கு நல்ல மாற்று. ஒற்றையாகக் கிடைக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஒருவரோ இருவரோ நடுவில் உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் சென்டரே இல்லாமலும் ஒப்பேற்றலாம். வசனம் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவிலிருந்து வருவதுபோலவே கேட்கும்.

ஐந்தாம் படி: சப்வூஃபர்

8 இன்ச்சுக்கும் 10 இன்ச்சுக்கும் விலை வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருந்தால் 10-ஐ எடுங்கள். இங்கும் வாட்ஸ் மயக்கம் வேண்டாம்: பல வருடம் விற்ற போல்க் பிஎஸ்டபிள்யூ10-இல் 10 இன்ச் கோனுக்கு 50 வாட் ஆர்எம்எஸ்தான். சொந்த ஆம்ப்ளிஃபையர் உள்ளே இருக்கும் பவர்டு சப்வூஃபரையே வாங்க வேண்டும். ஏவி ரிசீவர்களில் சப்வூஃபருக்குச் சிக்னல் மட்டும்தான் வரும், பவர் வராது.

இடம் பார்ப்பது பணம் செலவில்லாத வேலை, பலனோ பெரிது. நம் ஹாலின் 15 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 37 ஹெர்ட்ஸிலும், 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸிலும் அறையே சேர்ந்து அதிரும். சோபாவில் ஓரிடத்தில் இந்தச் சுருதி காதை அடைக்கும், இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் காணாமல் போகும். இதைச் சமாளிக்க, சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் அதிகமுள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சப்வூஃபர் வைக்கச் சாத்தியமான இடங்களிலெல்லாம் தரையோடு குனிந்து கேட்டுக்கொண்டே போங்கள். எங்கே ஒவ்வொரு ஸ்வரமும் சமமாக, குழப்பமின்றிக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வைத்துவிடலாம்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு கவலையும் உண்டு. தினமும் ஈரத் துணியால் தரையைத் துடைக்கிறோம். சப்வூஃபரின் பெட்டி எம்டிஎஃப் பலகை. அடிப்பக்க விளிம்பில் தண்ணீர் ஏறினால் ஊதி, மேலே ஒட்டிய வினைல் தாள் உரியத் தொடங்கும். முக்கால் இன்ச் உயரமுள்ள ரப்பர் கால் நான்கை அடியில் ஒட்டிவிடுங்கள். கீழ் வீட்டுக்காரருக்குப் போகும் அதிர்வும் கொஞ்சம் குறையும்.

ஆறாம் படி: ரிசீவர்

சுருக்கமாக முடித்துவிடலாம். 5.1 சேனல், ஹெச்டிஎம்ஐ ஆர்க் வசதி (டிவியின் சத்தத்தை ஹெச்டிஎம்ஐ ஒயர் வழியே ரிசீவருக்குக் கொண்டுவருவது), அறையை மைக் வைத்து அளக்கும் வசதி ஆகிய மூன்றும் இருந்தால் போதும். யமஹா ஆர்எக்ஸ்-வி385, சோனி எஸ்டிஆர்-டிஹெச்590 போன்றவை இந்த வகை. ஓடிடி தளங்கள் தரும் டால்பி டிஜிட்டல் பிளஸ் எனும் சரவுண்ட் ஒலி, சாதாரண ஆர்க் வழியாகவே வந்துவிடும். ப்ளூ-ரேயின் தரம் இழக்காத ஒலியை டிவி வழியாக ரிசீவருக்கு அனுப்ப வேண்டுமென்றால்தான் ஆர்க்கின் மேம்பட்ட வடிவமான இஆர்க் தேவை. கூரை ஸ்பீக்கர்களைப் பற்றி இந்த பட்ஜெட்டில் யோசிக்கவே வேண்டாம்.

ஏழாம் படி: கடையில் கேட்பது

டெமோ அறையில் அவர்கள் போடும் வெடிச்சத்தக் காட்சி எந்த ஸ்பீக்கரிலும் பிரமாதமாகத்தான் இருக்கும். உங்கள் போனில் நான்கு விஷயம் கொண்டுபோங்கள்: பின்னணி இசை இல்லாமல் ஓர் ஆண் பேசும் பேச்சு, ஒரு பெண் குரல் பாட்டு, மிருதங்கத் தனியாவர்த்தனம், நாதஸ்வரம். சப்வூஃபரை அணைக்கச் சொல்லி முதலில் பேச்சைக் கேளுங்கள். குரலில் நெஞ்சுக் கனம் இருக்கிறதா, இல்லை மூக்கால் பேசுவதுபோல் இருக்கிறதா? பிறகு சப்வூஃபரைப் போடச் சொல்லுங்கள். பேச்சு அப்படியே மாறாமல் இருக்க வேண்டும். கனம் கூடி, சத்தம் தரைக்கு இறங்கினால் க்ராஸ்ஓவர் மிக உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். மிருதங்கத்தில் தொப்பியின் கும்கியும் வலந்தலையின் ‘நம்’மும் ஒரே வாத்தியத்திலிருந்து, ஒரே இடத்திலிருந்து வருவதாகக் கேட்க வேண்டும். தொப்பி மட்டும் மூலைக்குப் போனால் அந்த செட் வேண்டாம். நாதஸ்வரத்தைச் சத்தமாக வைத்துக் கேளுங்கள். மலிவான ட்வீட்டர் இரண்டு நிமிடத்தில் காதைக் குத்தும்.

பழைய ஸ்பீக்கர் வாங்குவோர் கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் என்றால் கவலை இல்லை. ஃபோம் வளையம் வருடங்கள் போகப்போக, ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரமாக, பொடிப்பொடியாக உதிரும். கடலோர ஊர் என்றால் டெர்மினலில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எட்டாம் படி: ஒயரும் சுவரும்

ஆயிரக்கணக்கில் விலை போட்ட ஒயர் தேவையே இல்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் அசல் செம்பு மல்டி ஸ்ட்ராண்ட் ஒயர் 10 மீட்டர் வரை தாராளமாகப் போதும். அந்த நீளத்தில் போக வரச் சேர்த்து மின்தடை கால் ஓமைத் தாண்டாது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய ஒயரும் அதே நிறத்தில் விற்கிறது. கத்தியால் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் பனானா பிளக்கிலிருந்து சுவர் பிராக்கெட் வரை எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும்.

சுவரில் மாட்டப்போகும் ஸ்பீக்கருக்குக் காற்றுத் துளை முன்பக்கம் இருக்க வேண்டும், அல்லது துளையே இல்லாத மூடிய பெட்டியாக இருக்க வேண்டும். பின்துளை உள்ளதென்றால் சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி ஸ்டாண்டில் வையுங்கள். துளை போட வீட்டுக்காரர் விடாத வாடகை வீட்டிலும் ஸ்டாண்டுதான் வழி. ட்வீட்டர் காது மட்டத்துக்கு வர வேண்டும். சென்டர் தாழ்வாக இருந்தால் முன்விளிம்புக்கு அடியில் சின்ன ரப்பர் துண்டை வைத்து மேல்நோக்கிச் சாய்த்துவிடுங்கள்.

சிவப்பு சிவப்போடும், கறுப்பு கறுப்போடும் சேர வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மாறிவிட்டால் பேஸ் கரைந்து, குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் அலையும். லேபிள் அழிந்த பழைய ஸ்பீக்கர் என்றால், ரிசீவரிலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே தள்ளினால், பேட்டரியின் பாசிட்டிவ் தொட்ட முனைதான் சிவப்பு.

ஒன்பதாம் படி: செட்டிங்

டிவியின் ஆடியோ அவுட்புட்டை பிசிஎம்மில் விட்டால் ஆர்க் வழியாக வெறும் ஸ்டீரியோதான் போகும். ‘ஆட்டோ’ அல்லது ‘பாஸ்த்ரூ’வுக்கு மாற்றுங்கள். 5.1 வாங்கியும் சரவுண்டில் சத்தமே வரவில்லை என்று வருத்தப்படுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ரிசீவரோடு வந்த மைக்கைச் சோபாவின் மேல் கிடத்தாமல், ஒரு ட்ரைபாடில் காது உயரத்துக்கு நிறுத்துங்கள். ஃபேன், ஏசி, மிக்ஸி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அளவீட்டை ஓடவிடுங்கள். முடிந்ததும் அது என்ன செய்திருக்கிறது என்று உள்ளே போய்ப் பாருங்கள். முன் ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ என்று குறித்திருந்தால் ‘ஸ்மால்’ ஆக்குங்கள், அப்போதுதான் அவற்றின் பேஸ் சப்வூஃபருக்குப் போகும். க்ராஸ்ஓவர் 5.25 இன்ச்சுக்கு 80, 4 இன்ச்சுக்கு 80 அல்லது 100, பின்பக்க 3 இன்ச்சுக்கு 150. எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே க்ராஸ்ஓவர்தான் என்கிற ரிசீவர் என்றால் 100-இல் வையுங்கள். சப்வூஃபரின் பின்னால் உள்ள க்ராஸ்ஓவர் திருகைக் கடைசிவரை திருப்பிவிடுங்கள். அந்த வேலையை ரிசீவர் செய்கிறது. இரண்டு இடத்தில் வெட்டினால் நடுவில் ஓட்டை விழும். ஃபேஸ் சுவிட்சை இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்து, சோபாவில் பேஸ் நிறைவாகக் கேட்கும் பக்கத்தில் விடுங்கள்.

ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும் ஹாலில் வசனம் இன்னும் மங்கலாகத் தோன்றினால் சென்டரை 2 டெசிபெல் உயர்த்துங்கள். இரவு பத்து மணிக்கு மேல் பார்ப்பதாக இருந்தால் ரிசீவரில் உள்ள டைனமிக் ரேஞ்ச் கன்ட்ரோலை (பெரிய சத்தத்துக்கும் மெல்லிய சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைப்பது) இயக்கி, சப்வூஃபரை 4, 5 டெசிபெல் இறக்கிவிடுங்கள். கான்கிரீட் தளம் வழியாகப் பேஸ்தான் அடுத்த வீட்டுக்குப் போகும், பேச்சு போகாது. பிறகு சரவுண்ட் ஜோடி வாங்கிச் சேர்க்கும்போதும், சோபாவை இடம் மாற்றும்போதும் மைக் அளவீட்டை முதலிலிருந்து ஓட்டுங்கள். அது முடிந்ததும் ‘ஸ்மால்’, க்ராஸ்ஓவர் இரண்டையும் மறுபடி சரிபாருங்கள். ஒவ்வொரு அளவீட்டிலும் ரிசீவர் அவற்றைத் தன் கணக்குக்கே மாற்றிவிடும்.